தையல்கார ஸக்கரியாவும் இரண்டாவது சாட்சியும்

"அல்லாஹ் எனக்கு ரெண்டு கண் தந்தான். அதுல ஒண்டு எனக்குப் போதும், மத்தது ஊருக்கு. நான் கண்டத இன்னொருத்தனும் கண்டானா எண்டு கேட்டு நம்புற நாள் வந்தா, இந்தக் கத்திரிக்கோல வித்து வடை வாங்கித் திண்டுருவேன்."

மாத்தளையில், பள்ளிவாசலுக்குப் போகும் குறுக்குத் தெருவில் தமக்கிருந்த தையற்கடையில் நின்று ஸக்கரியா நானா இந்தப் பிரகடனத்தைச் செய்தபோது, கடைக்குள் மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். மூவரும் அவர் தைத்த காற்சட்டையே அணிந்திருந்தார்கள். மூவருக்கும் இடுப்பு கொஞ்சம் தாராளம். ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது சிரமமான காரியமாகையால், யாரும் மறுத்துப் பேசவில்லை.

நானா அளவெடுப்பதில்லை. அளவுநாடா அவர் கழுத்தில் எந்நேரமும் தொங்கும். நீதவானுக்கு அங்கி போல அது பதவிச் சின்னம், பாவிப்பதற்கானதல்ல. ஆளை ஒருதரம் மேலிருந்து கீழ் பார்ப்பார். "சரி, வெள்ளிக்கிழம வாங்க" என்பார். வெள்ளிக்கிழமை காற்சட்டை பெருத்திருந்தால், "மெலிஞ்சிட்டீங்களே, வீட்டுல சொகமில்லயா?" என்று கவலையோடு விசாரிப்பார். சிறுத்திருந்தால், "மாஷா அல்லாஹ், நல்லாச் சாப்பிடுறீங்க" என்று வாழ்த்துவார். எப்படியானாலும் பிழை உடம்பில்தான். இப்படியே ஒரு நகரத்தின் ஆண்கள் தங்கள் உடம்பைப் பற்றித் தீராத சந்தேகத்தோடு வாழப் பழகிக்கொண்டார்கள்.

இவ்வளவு உறுதி ஒரு மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்பது ஆராயத்தக்க விஷயம். ஆராய்ந்தால், வானத்திலிருந்து வந்தது என்று தெரியவரும்.

நோன்பு மாதம் தொடங்க, நேர்மையான ஒரு மனிதர் பிறை கண்டதாகச் சொன்னால் போதும். நோன்பை முடித்துப் பெருநாள் எடுக்கவோ இரண்டு பேர் கண்டிருக்க வேண்டும். இது அந்தப் பள்ளிவாசலில் காலங்காலமாக இருந்துவந்த சட்டம். பசியைத் தொடங்கி வைக்க ஒருவர் சொல் போதும், பிரியாணிக்கு இருவர் வேண்டும். மனித சுபாவத்தை நன்றாகப் படித்தவர்கள்தான் இப்படி வகுத்திருக்க முடியும்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் இருபத்தொன்பதாம் நோன்பின் மாலை. பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஆண்கள் எல்லாரும் கூடி நின்றார்கள். மேற்கே மலை, மலைக்கு மேல் மேகம். ஊசியில் நூல் கோக்கிற நேரத்துக்கு அந்த மேகம் விலகியது. "அந்தா! அந்தா!" என்று ஸக்கரியா நானா கத்தினார். பக்கத்தில் நின்ற கலந்தர் ஹாஜியாரின் கையைப் பிடித்து இழுத்தார். கலந்தர் ஹாஜியார் மிளகு, கராம்பு வாங்கி விற்கிற பெரிய வியாபாரி. பள்ளிவாசல் நிர்வாகத்திலும் முதல் ஆள். அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது மேகம் மூடிவிட்டது.

"நான் மேகத்தத்தான் கண்டேன்" என்றார் ஹாஜியார்.

வேறு யாரும் காணவில்லை. வானொலியும் எங்கும் பிறை தென்படவில்லை என்றது. மறுநாள் மாத்தளை முழுவதும் முப்பதாவது நோன்பைப் பிடித்தது. ஆனால் தன் கண்ணால் பெருநாள் பிறையைக் கண்டவன் நோன்பு பிடிக்கக் கூடாது, சத்தமில்லாமல் விட்டுவிட வேண்டும் என்பதும் சட்டம். எனவே நானா கதவைப் பூட்டிக்கொண்டு தனியாகப் பெருநாள் எடுத்தார். அவருடைய மனைவி ஸரீனா பிறை காணாதவர், ஆகவே நோன்பாளி. வாயில் ஊறிய உமிழ்நீரை விழுங்கிக்கொண்டு கணவருக்குப் பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் அவித்துக் கொடுத்தார். ஒரே ஓர் ஆளுக்கென்று உதித்த பெருநாள் உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை.

அதன் பிறகு நானாவுக்கும் ஹாஜியாருக்கும் ஸலாத்தைத் தவிர வேறு பேச்சில்லை. நல்ல கண் ஒருவனுக்கு இருந்தால் போதும், இன்னொரு சாட்சி கேட்கிறவன் குருடன் என்பது நானாவின் மத்ஹபாக, தனி மார்க்கமாகவே, ஆயிற்று.

சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி நடந்த எண்பத்தொன்பதாம் ஆண்டு வந்தது.

அந்த ஆண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விடியும்போது கடைக்கதவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். கடையைத் திறக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். யார் எழுதியது என்று இராது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். மூடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஒரே ஒரு துண்டு சொன்னதை இரண்டாவது சாட்சி கேட்காமல் ஊரே நம்புகிறதே, நல்லது, இதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன் என்று நானாவும் மூடிவிட்டுப் போவார். கடை மூடியிருக்கிற நாளில் மனிதனுக்கு வேறென்ன வேலை, வெற்றிலை போடுவதைத் தவிர? புகையிலையோடு இடது கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு, மாலைவரை மூட்டைப்பூச்சி பார்ப்பதைப்போல் வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த இடது கன்னத்துக்குள் ஒரு நாள் எரிந்தது. உறைப்பு பட்டால் உயிர் போனது. ஸரீனா பிடித்துத் தள்ளாத குறையாக டொக்டரிடம் அனுப்பினார்.

டொக்டர் தியாகராஜா யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தளைக்கு உத்தியோகமாக வந்து, பென்சன் எடுத்து, பெரிய வீதியில் டிஸ்பென்சரி வைத்திருந்தவர். எண்பத்து மூன்றில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் அது எரிந்தது. அதே இடத்தில் மறுபடியும் பலகையை மாட்டினார். புதிய டிஸ்பென்சரிக்கான திரையை ஸக்கரியா நானா காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தார். கண்ணளவில் வெட்டியது, ஒரு முழம் கட்டை. ஆகவே உள்ளே இருக்கிற நோயாளியின் முழங்காலுக்குக் கீழே வீதியில் போகிற எல்லாருக்கும் தெரியும். செருப்பைப் பார்த்து ஆளையும், ஆளைப் பார்த்து நோயையும் மக்கள் ஊகித்துவந்தார்கள்.

டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்தார். கன்னத்தின் உள்ளே வெள்ளையாகப் படர்ந்து, நடுவில் சிவந்த புண். விரலை விட்டுத் தடவினார். டோர்ச்சை அணைத்து மேசையில் வைத்தார்.

"நானா, இது புற்றுநோய். தாடையில ஒரு பக்கத்தை வெட்டவேண்டி வரும் எண்டுதான் நினைக்கிறன். மஹரகம கான்சர் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாறன். ஆனால் அதுக்கு முதல்..."

"டொக்டர் கண்டீங்களா?"

"கண்டன்."

"அப்ப சரி" என்று எழுந்துவிட்டார் நானா. ஒரே பார்வையில் முடிவு சொல்கிற இன்னொரு மனிதரை வாழ்நாளில் முதன்முறையாகச் சந்தித்த மகிழ்ச்சி, செய்தியின் பயங்கரத்தைக்கூட ஒரு நிமிடம் மறைத்துவிட்டதென்று சொல்வார்கள். ‘அதுக்கு முதல்’ என்ன செய்ய வேண்டும் என்பதை டொக்டர் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார். கட்டைத் திரைக்குக் கீழே நானாவின் செருப்பு வெளியேறியது.

மஹரகமவுக்கும் போக மாட்டேன் என்றார். "அவன் அளவு பாத்துத் தைச்ச தாட. அத வெட்டுறதுக்கு நான் ஆரு?" என்றார். தையல்காரர் ஒருவருக்கு இது நியாயமாகவே பட்டிருக்கும்.

பிறகு அவர் சாவுக்கு, அவர் மொழியில் மௌத்துக்கு, தயாரானார். அதையும் முறையாகச் செய்தார். வெட்டிப் போட்டிருந்த துணிகளையெல்லாம் தைத்து முடித்தார். வீடு வீடாகப் போய், "ஏதும் பேசீந்தா, செஞ்சீந்தா மன்னிச்சிக்கோங்க" என்று கேட்டார். எல்லாரும் கண் கலங்கி மன்னித்தார்கள். காற்சட்டை விஷயத்தை அவர் எந்த வீட்டிலும் எடுக்கவில்லை. அதில் மன்னிக்க ஏதுமிருப்பதாக அவர் கருதவில்லை.

நோயாளியைப் பார்க்கப் போவது நன்மை. மாத்தளையில் நன்மைக்குப் பஞ்சமில்லை. ஒருவர் போய் மற்றவர் வந்தார். வந்தவர்கள் ஸலாம் சொன்ன கையோடு, "எங்க நானா, ஒருக்கா வாயத் தொறங்க பாப்பம்" என்றார்கள். நானா திறந்தார். சிலர் வீட்டிலிருந்தே டோர்ச் கொண்டு வந்தார்கள். மீன்கடைக்காரர் பார்த்துவிட்டு, சூடு என்றார். ஓய்வுபெற்ற தபாலதிபர் சபாரத்தினம் பார்த்துவிட்டு, தன் மைத்துனருக்கும் இதேதான் என்று தொடங்கி, ஸரீனாவின் முகத்தைக் கண்டு பாதியில் நிறுத்தினார். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு வாங்க வந்த அழகம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

"எங்க லயத்துல கங்காணிக்கு இப்படித்தாங்க வந்திச்சி. மலைத்தேன் தடவினோம். நல்லா வேல செஞ்சிச்சிங்க."

"சொகமாகிட்டா?" என்று ஆவலோடு கேட்டார் ஸரீனா.

"தேன் தீந்திருச்சிங்க அதுக்குள்ள."

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இரண்டாவது அபிப்பிராயமே வேண்டாம் என்ற மனிதர், மீன்கடை முதல் தபாற்கந்தோர் வரை மாத்தளையின் அபிப்பிராயம் முழுவதையும் வாயைத் திறந்து சேகரித்துவிட்டார். மிச்சம் இருந்தது இன்னொரு வைத்தியரின் அபிப்பிராயம் ஒன்றுதான். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டார். ஏனென்று அப்போது எவருக்கும் விளங்கவில்லை. விளங்கியது கலந்தர் ஹாஜியார் வந்த அன்றுதான்.

ஹாஜியார் வந்ததே ஒரு சம்பவம். பத்து வருடத்துக்கு மேலாக அந்தப் படியை மிதிக்காதவர். கதிரையில் உட்கார்ந்து, கைத்தடியை முழங்காலில் சாய்த்து வைத்து, வாயைத் திறக்கச் சொல்லாமல் பேசத் தொடங்கினார்.

"ஸக்கரியா, கண்டியில வாய்க்கெண்டே படிச்ச டொக்டர் ஈக்கிறாங்களாம். ஒருக்கா காட்டினா என்தா?"

"என்னத்துக்கு ஹாஜியார்? தியாகராஜா டொக்டர் கண்டாரே."

"அவர் ஒருத்தர்தானே?"

நானா நிமிர்ந்து உட்கார்ந்தார். நோய் வந்த பிறகு அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை யாரும் கண்டதில்லை.

"அதத்தான் செல்றேன். நோம்புக்கு ஒரு சாட்சி போதும் எண்டு செல்றது ஆரு? நீங்கதானே? இது எனக்கு வந்த நோம்பு. பெருநாளா வந்தீக்கிது, ரெண்டாவது ஆளத் தேட?"

அறையில் இருந்தவர்கள் ஹாஜியாரைப் பார்த்தார்கள். ஹாஜியார் தாடியைத் தடவினார். சட்டப்படி அதில் ஓட்டை ஏதும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. விஷயமும் வெளிச்சமாயிற்று: டொக்டர் ஒருவர் கண்டது போதாது என்று கண்டிக்குப் போனால், அன்றைக்கு மேட்டில் நானா ஒருவர் கண்டதும் போதாது என்றாகிவிடும். தாடை போனாலும் போகட்டும், பிறை போகக் கூடாது.

"நோம்பெண்டா புடிக்கணும்" என்றார் ஹாஜியார் கடைசியில். "நீ புடிக்கவும் மாட்டேங்கிறாய். மஹரகமவுக்கும் போறல்ல, கண்டிக்கும் போறல்ல. சாட்சிய மட்டும் மடியில வச்சிக்கொண்டு குந்தி ஈக்கிறாய். இது என்னா நோம்பு?"

"அது எனக்கும் அல்லாஹ்வுக்கும்."

"சரி. என்ட வேன் ஈக்குது. எந்த நேரமெண்டாலும் செல்லி அனுப்பு."

ஹாஜியார் போன பிறகு, தாம் வென்றதாக நானா நினைத்தார். வென்றவருக்கு இரவுச் சாப்பாடு கஞ்சிதான், அதுவும் வலப்பக்கத்தால்.

இரண்டொரு நாள் கழித்து மறுபடியும் கதவில் துண்டு ஒட்டியிருந்தது. கடை மூடல். வெயில் சாய்ந்த நேரம், பின்னறையில் ஸரீனா ஒரு சட்டைக்குப் பொத்தான் ஓட்டை தைத்துக்கொண்டிருந்தார். கடையின் பொத்தான் ஓட்டைகளெல்லாம் அவர் வேலைதான். அவர் அளவு பார்ப்பவர். மாத்தளைச் சட்டைகளில் சரியான இடத்தில் இருந்தது பொத்தான் ஒன்றே.

"இஞ்ச பாருங்க. ஒண்டு கேக்கட்டா?"

"கண்டிப் பேச்செண்டா வேணாம்."

"கண்டி இல்ல. பிறை."

நானா திரும்பிப் பார்த்தார். அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் லேசில் எடுப்பதில்லை.

"அண்டைக்கி மேட்டுல நீங்க பிறையக் கண்டது நெசம்தானே?"

"நீயுமா?"

"நான் நம்புறேன். அண்டைக்கும் நம்பினேன். நம்பாமயா நோம்போட வட்டிலப்பம் அவிச்சேன்? கண்ட ஒடன நீங்க என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்... செல்லினேன், அந்தா எண்டு."

"செல்லினது மட்டுமில்ல. ஹாஜியார்ட கையப் புடிச்சி இழுத்தீங்க. தோள்தையல் விட்டுட்டு. அவங்க வீட்டுல இருந்து அந்தச் சட்டைய இங்கதான் அனுப்பினாங்க, நான்தான் திருப்பித் தச்சேன்." ஸரீனா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஒரு ஆள் கண்டாப் போதுமெண்டா, மத்த மனுசன்ட சட்டைய என்னத்துக்குக் கிழிச்சீங்க?"

நானாவிடம் பதில் இருக்கவில்லை. இது மாத்தளை வரலாற்றில் பதியத்தக்க நிகழ்ச்சி. ஆனால் சாட்சிக்கு ஸரீனா ஒருவர்தான்.

"ஆராச்சும் ஒருத்தராவது பாக்கணுமெண்டு ஒங்களுக்கு அண்டைக்கி உசிர் துடிச்சிச்சி. ஒருத்தரும் பாக்கல்ல. அந்தக் கோவத்துலதான் இவ்வளவு நாளும் ஒருத்தரும் வேணாம், ஒருத்தரும் வேணாம் எண்டு செல்லிக்கொண்டு ஈக்கிறீங்க. டொக்டரும் பாவம், அதே மாதிரி தனிய நிக்கிறாரு."

"டொக்டருக்கென்ன?"

"அவருக்கு ஒரு சாட்சி தேடிக் குடுங்க." பிறகு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒருதரம் ஒங்கள தனியப் பெருநாளைக்கி அனுப்பினேன். இதுக்கும் தனிய அனுப்ப என்னால ஏலாது."

நானா வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். திறந்தார். மூடி வைத்தார்.

"டொக்டர் கோவிச்சிக்கொள்வாரு" என்றார். அது அவர் கையிலிருந்த கடைசித் துருப்பு. ஒரு டொக்டரைக் காட்டிவிட்டு இன்னொரு டொக்டரிடம் போவது, சம்பந்தம் பேசி வைத்துவிட்டு வேறு வீட்டில் பெண் பார்க்கப் போவதைப்போல ஒரு காரியம் என்பது மாத்தளையில் எல்லாச் சமூகங்களும் ஒற்றுமையாக ஏற்றுக்கொண்ட ஒன்று.

மறுநாள் டிஸ்பென்சரிக்குப் போய், தொண்டையைச் செருமி, டொக்டரின் முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடித்ததும் டொக்டர் தியாகராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நானா, நீங்கள் வந்துபோன நாளையில இருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. அதுக்கு முதல் ஒரு துண்டை வெட்டிச் சோதிக்க வேணும் எண்டு சொல்ல வாயெடுத்தன். நீங்கள் ‘அப்ப சரி’ எண்டுபோட்டு எழும்பிப் போட்டியள்."

"நீங்க கண்டதா செல்லினீங்களே, டொக்டர்?"

"கண்டன்தான். கண்டது பிழைச்சுப்போக வேணும் எண்டு பிள்ளையாரிட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறன். ஒரு வைத்தியன் கும்பிடுற கும்பிடே இது? முதல்ல கண்டிக்குப் போங்கோ."

இவ்வாறாக, டொக்டர் தியாகராஜாவுக்கு உதவி செய்வதற்காகவே தாம் கண்டிக்குப் போவதாக நானா தெருவில் அறிவித்தார். தமக்கு அது தேவையில்லை என்றும், ஒரு நல்ல மனிதர் தனித்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றும் சொன்னார். கேட்டவர்கள் பாராட்டினார்கள்.

ஹாஜியாரின் வேன் முழுவதும் கராம்பு வாசம். அக்குறணை தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. தாண்டிய பிறகு ஹாஜியார் தும்மினார். நானா அதற்குரிய துஆவைச் சொன்னார். ஹாஜியார் பதில் துஆ சொன்னார். பல வருடங்களுக்குப் பிறகு அவர்கள் நடத்திய முதல் நீண்ட உரையாடல் அது.

கண்டியில் வாய் பார்க்கிற டொக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. நானாவின் மகளாக இருக்கக்கூடிய வயது. "கட்ட அரின்ன" என்றாள். நானா வாயைத் திறந்தார். அதில் அவருக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது. அவள் ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, அப்படிப் பார்த்து, இப்படிப் பார்த்து, உடைந்த பல்லொன்றின் முனையை விரலால் தொட்டாள். போய்க் கையைக் கழுவினாள்.

"என்ன கண்டீங்க, டொக்டர் நோனா?" என்று நானா சிங்களத்தில் கேட்டார்.

"ஒன்றும் காணவில்லை. கண்ணால் பார்த்து இதை நான் சொல்ல மாட்டேன்."

நானா திகைத்துப் போனார். தன் கண்ணைத் தானே நம்பாத ஒருத்தியை அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது! அவள் ஊசி போட்டு விறைக்க வைத்து, புண்ணின் ஓரத்திலிருந்து அரிசியளவு ஒரு துண்டை வெட்டி, ஒரு போத்தலில் போட்டாள். இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னாள்.

"கண்ணால பாத்துச் செல்ல மாட்டாவாம்" என்று வேனில் பாதி வாயால் முறையிட்டார் நானா. "அப்ப அந்தக் கண்ண மையிடவா வச்சீக்கிறா?"

ஹாஜியார் சிரித்தார். நானாவும் சிரிக்கப் பார்த்தார். விறைத்த பக்கம் ஒத்துழைக்கவில்லை.

அந்த இரண்டு கிழமையும் யாருக்கும் வாயைக் காட்டவில்லை. வந்தவர்களுக்கு ஸரீனா தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார். நானா பள்ளிக்குப் போனார், வந்தார். ஒருநாள் ஒரு பொடியனுக்குக் காற்சட்டை வெட்டுமுன், கழுத்திலிருந்த நாடாவைக் கையிலெடுத்துச் சற்று நேரம் வைத்திருந்ததாகக் கேள்வி. ஆனால் பாவிக்கவில்லை.

குறித்த நாளில் மறுபடியும் கராம்பு வேன். கண்டிக்குக் கொஞ்சம் இப்பால் வீதியில் படையினர் பீப்பாய்கள் வைத்து மறித்திருந்தார்கள். எல்லா வாகனங்களையும் நிறுத்தி, ஆண்களை இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். வீதியோரம் ஒரு ஜீப். ஜீப்புக்குள், கிளர்ச்சிக்காரரை அடையாளம் காட்டவென்று, தலை முழுவதையும் சாக்கால் மூடிய ஒருவன். சாக்கில் இரண்டு ஓட்டை. ஓட்டைக்குள் இரண்டு கண். ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நின்று, முகத்தைக் காட்டி, கடக்க வேண்டும்.

நானாவுக்கு முன்னால் ஒரு சிங்களப் பொடியன் நின்றான். கையில் ஒரு பை பாண் ரொட்டி இருந்தது. அவன் போய் நின்றான். சாக்கு அசையவில்லை. பிறகு அசைந்தது, ஒரே ஒரு முறை, மேலிருந்து கீழே. இரண்டு பேர் வந்து பொடியனின் தோளைப் பிடித்தார்கள். "நானில்லை, மஹத்தயா, நன்றாகப் பாருங்க, இன்னொருதரம் பாருங்க" என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். பாண் வீதியில் கிடந்தது.

அடுத்தது நானா. போய் நின்றார். அந்தக் கண்கள் அவரைப் பார்த்தன. ஒருதரம், மேலிருந்து கீழே. நானா அதுவரை எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறார், அப்படிப் பார்க்கப்பட்டதில்லை. சாக்கு அசையவில்லை. போகச் சொன்னார்கள்.

வேன் புறப்பட்டு வெகு தூரம் போன பிறகே ஹாஜியார் வாயைத் திறந்தார்.

"ஆர்ட புள்ளயோ."

நானா ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தன் தலைய ஆட்டினான்" என்றார் ஹாஜியார். "ஒருத்தன்."

நானா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.  ஹாஜியாரின் கைக்குள் தஸ்பீஹ் மணி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஹாஜியார் வெளியே வாங்கில் உட்கார்ந்தார். நானா உள்ளே போனார். அந்தப் பெண்பிள்ளை காகிதத்தைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு.

"புற்றுநோய் இல்லை. வெற்றிலையும் புகையிலையும் விட்டால், அப்படி ஆகாது, விடாவிட்டால் ஆகும். அந்த உடைந்த பல்லை இன்றைக்கே எடுத்துவிடுவோம், அதுதான் புண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கொருமுறை வந்து காட்ட வேண்டும். தாடையை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை."

நானா துள்ளவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று முணுமுணுத்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, சந்தோஷமில்லையா?"

"சந்தோஷம், டொக்டர் நோனா. அந்தத் துண்டப் பாத்தது ஆரு?"

"ஆய்வுகூடத்து டொக்டர். நுண்ணோக்கியில் பார்ப்பார்."

"அவர் ஒருத்தரா?"

"ஒருத்தர்தான். நல்ல அனுபவம் உள்ளவர். ஏன்?"

நானா எழுந்தார். அறைக்கதவு கால்வாசி திறந்திருந்தது. அதன் வழியே ஹாஜியாரின் கைத்தடியும் ஒரு முழங்காலும் தெரிந்தன. சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, கதிரையை மேசைக்குக் கிட்டவாக இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அத இன்னொருத்தருக்கும் ஒருக்கா காட்ட ஏலுமா?"